இரண்டு ரீல் மெஷின், வயலின், செல்லோ: நான்கு நிமிடத்தில் எல்லாம் ஒரே உறுமலாகிவிடுகிறது

வில்நுனி

வணக்கம். வயலினும் செல்லோவுமாக இருவர், எதையும் எழுதிவைத்துக்கொள்ளாமல் முழுக்க மனோதர்மமாக வாசிப்பு, நடுவே டேப் டிலே, அதாவது டேப்பில் பதிந்த ஒலி சில நொடி கழித்து எதிரொலியாகத் திரும்பி வருவது. இதுதான் ஏற்பாடு. விவரம் தருகிறேன், எங்கே தவறு என்று சொல்லுங்கள்.

இரண்டும் கால் அங்குல ரீல் மெஷின்கள், மூன்று ஹெட் (அழிக்க, பதிய, பிளேபேக் செய்ய), அரை டிராக் (டேப்பின் அகலத்தில் இரண்டு தடங்கள்), வேகம் நொடிக்கு 19 செ.மீ. முதல் மெஷினில் பதிவாகும் டேப் 130 செ.மீ தள்ளி இருக்கும் இரண்டாவது மெஷினுக்குப் போய், அங்கே பிளேபேக் ஆகி, அங்கேயே சுருட்டிக்கொள்கிறது. 130-ஐ 19-ஆல் வகுத்தால் 6.8 நொடி டிலே. அந்த ஒலி மிக்சர் வழியாக ஸ்பீக்கருக்கும், கொஞ்சம் முதல் மெஷினின் இன்புட்டுக்கும் திரும்புகிறது. வயலின் குதிரையின் (தந்திகளைத் தாங்கும் மரத்துண்டு) முகத்தில் 27 மி.மீ பீசோ தகடு (அதிர்வை மின்சாரமாக மாற்றுவது) ஒட்டி, ஒயரை நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் செருகியிருக்கிறது. செல்லோவுக்கு முன்னால் ஒரு கார்டியாய்டு மைக் (முன்னாலிருந்து வரும் ஒலியையே அதிகம் பிடிப்பது).

நான்கு நிமிடம் தாண்டினால் அடியில் ஒரு உறுமல் எழுந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. திரும்பும் ஒலியின் ஃபேடரை, அதாவது ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்துகுமிழை, சற்றே இறக்கினால் மூன்றாவது எதிரொலியோடு சத்தமே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தவே முடியவில்லை. அதோடு எதிரொலிகளின் சுருதி மெல்ல மெல்ல இறங்குகிறது. பத்து நிமிடத்தில் இரு மெஷின்களுக்கு நடுவே டேப் தொய்ந்து தொங்குகிறது. டேப்பில் விழும் வயலின் ஒலி தகரம்போல இருக்கிறது. விரலால் சுண்டி வாசித்தால் மீட்டர் −5-ஐத் தொடாதபோதும் பிளிறுகிறது.

இன்னொன்று: மூன்றாவது மெஷினில் 10 நொடி லூப் (முனைகளை ஒட்டி வளையமாக்கிய டேப்) ஒன்றை ஓடவிட்டு, அழிக்காமல் மேலே மேலே வாசிக்க வேண்டும். ஒட்டிய இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் 'டக்' என்று கேட்கிறது.

ஆக்சைடு

உறுமலுக்குச் செல்லோவைக் குறை சொல்லாதீர்கள். பிளேபேக் ஹெட்டின் இயல்பு அது. டேப்பில் பதிந்த அலையின் நீளம் ஹெட்டின் மொத்த அகலத்தை நெருங்கும் இடத்தில், அதாவது தாழ்ந்த ஒலிகளில், ஒன்றிரண்டு டெசிபல் அளவுக்கு ஒரு மேடு விழும். 19 செ.மீ வேகத்தில் அது பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும். ஒருமுறை கேட்டால் இதமான கனம்தான். உங்கள் ஏற்பாட்டிலோ அதே ஒலி 6.8 நொடிக்கு ஒருமுறை அதே மேட்டின்மேல் ஏறுகிறது. நான்கு நிமிடத்துக்கு 35 சுற்று. சுற்றுக்கு 1 டெசிபல் குறையும்படி ஃபேடரை வைத்திருக்கிறீர்கள், மேடு 2 டெசிபல் என்று கொள்ளுங்கள். அந்த இடத்தில் மட்டும் ஒலி குறையாமல் சுற்றுக்கு 1 டெசிபல் கூடுகிறது. 35 சுற்றில் 35 டெசிபல். டேப் தாங்கும் எல்லை வந்த பிறகுதான் அது நிற்கும். நீங்கள் கேட்பது அதைத்தான்.

முதல் மெஷினுக்குத் திரும்பும் வழியில் மட்டும் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் ஒரு ஹை-பாஸ் ஃபில்டர் போடுங்கள். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் வேண்டாம். 120 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள், ஒரு ஸ்தாயிக்கு 12 டெசிபல் சரிவாவது இருக்கட்டும். செல்லோவின் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ், அது போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். நேரடி ஒலியிலும் முதல் எதிரொலியிலும் அது முழுசாக இருக்கும், இரண்டாவது சுற்றிலிருந்துதான் மெலியும். மேடு சரியாக எங்கே என்று தெரிய வேண்டுமானால், ஆசிலேட்டரிலிருந்து (சோதனை ஒலி எழுப்பும் கருவி) 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஒரே அளவில் சைன் அலையைப் பதிவுசெய்து, பிளேபேக் மீட்டர் எந்த இடத்தில் உயர்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பாராமெட்ரிக் ஈக்யூ (தேர்ந்தெடுத்த ஒலிப்பகுதியை மட்டும் கூட்டவோ குறைக்கவோ உதவுவது) இருந்தால் அந்த இடத்தில் 3 டெசிபல் பள்ளம் போட்டுவிடலாம்.

மின்சார இரைச்சலும் இதே வழியில்தான் பெருகும். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் முனகல் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாகச் சேர்ந்துகொண்டே போகும். திரும்பும் ஒயரில் 1:1 லைன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால் இரு மெஷின்களின் எர்த் வழியாக வரும் சுற்று அறுந்துவிடும். எக்காரணத்துக்காகவும் பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றாதீர்கள்.

நடுவில் நிறுத்த முடியவில்லை என்பது ஃபேடரின் சிக்கல். சுற்றுக்கு எவ்வளவு குறைகிறது என்பதைப் பொறுத்து ஒலி நிற்கும் நேரம் தலைகீழாக மாறும். 6 டெசிபல் குறைந்தால் மூன்று நான்கு எதிரொலி, அவ்வளவுதான். 3 டெசிபல் என்றால் 20 டெசிபல் இறங்க ஏழு சுற்று, உங்கள் கணக்கில் 48 நொடி. 1 டெசிபல் என்றால் இருபது சுற்று, இரண்டே கால் நிமிடம். இந்த வித்தியாசம் முழுக்க ஃபேடரின் சில மி.மீ தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே முதலில் அளந்து குறியிடுங்கள். 1 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியை 2 நொடி மட்டும் அனுப்புங்கள். டிலேயைவிடக் குறுகியதாக இருந்தால்தான் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. ஒவ்வொரு எதிரொலிக்கும் மீட்டரைப் பார்த்து, சரியாக 1 டெசிபல் குறையும் இடத்தில் ஃபேடரின் பக்கத்தில் ஒரு கோடு, 3-க்கு ஒன்று, 6-க்கு ஒன்று. பிறகு திரும்பும் வழியில் ஒலியைக் குறிப்பிட்ட அளவு குறைக்கும் நிலையான அட்டெனுவேட்டர் ஒன்றைச் சேர்த்து, ஃபேடர் முழுக்க ஏறினாலும் 1 டெசிபல் கோட்டைத் தாண்டாதபடி வையுங்கள். அதன்பின் கூட்டத்துக்கு முன்னால் தைரியமாகக் கையாளலாம்.

சுருதி இறங்குவதும் டேப் தொய்வதும் ஒரே நோய். இரண்டு மெஷினிலும் கேப்ஸ்டன் என்ற சுழலும் தண்டும் ரப்பர் உருளையும் டேப்பைப் பிடித்து ஓட்டுகின்றன. இரண்டாவது மெஷின் 0.2 சதவீதம் மெதுவாக ஓடினால் பத்து நிமிடத்தில் 23 செ.மீ தொய்வு சேரும், டிலே 1.2 நொடி நீளும். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி 3.5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒன்று ஒரு சென்ட்) இறங்கித் திரும்பப் பதிவாகும். பத்தாவது எதிரொலி 35 சென்ட் கீழே, அதாவது அரைச்சுரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. இரண்டாவது மெஷின் வேகமாக ஓடினால் டேப் இழுபட்டு, வழுக்கி, அலைபாயும். எதுவாக இருந்தாலும் வேகத்தை ஒரே இடத்தில் தீர்மானியுங்கள். இரண்டாவது மெஷினின் ரப்பர் உருளை கேப்ஸ்டனைத் தொடாதபடி செய்துவிடுங்கள். பல மெஷின்களில் உருளையின் மூடியைத் திருகிக் கழற்றினால் அதுவே கையோடு வந்துவிடும். இனி முதல் மெஷினின் கேப்ஸ்டன் தரும் வேகமே வேகம். இரண்டாவது மெஷினின் சுருட்டும் மோட்டார் டேப்பை விறைப்பாக வைத்திருக்கும் வேலையை மட்டும் செய்யும். உள்ளே போகும் டேப் எவ்வளவோ வெளியே வருவதும் அவ்வளவே, சுருதி இறங்க வழியில்லை.

குதிரைக்கால்

வயலின் தகரம்போல ஒலிப்பதற்கான காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது: பீசோவை நேராக லைன் இன்புட்டில் செருகியிருக்கிறீர்கள். 27 மி.மீ தகட்டின் கெப்பாசிட்டன்ஸ் ஏறக்குறைய 20 நானோ ஃபாரட். லைன் இன்புட் பெரும்பாலும் 10 கிலோ ஓம். இரண்டும் சேர்ந்தால் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் சரித்துவிடும் ஒரு ஃபில்டர் உருவாகிறது. வயலினின் ஜி தந்தி 196 ஹெர்ட்ஸ். அதன் அடிச்சுரம் மிகவும் மெலிந்துதான் டேப்புக்குப் போய்ச் சேருகிறது. 1 மெகா ஓம் இன்புட் உள்ள பஃபர் (ஒலியை மெலியவிடாமல் அடுத்த கருவிக்குத் தரும் சிறு சர்க்யூட்) ஒன்றை நடுவில் வைத்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு ஜேஃபெட் டிரான்சிஸ்டர், மூன்று ரெசிஸ்டர், இரண்டு கெப்பாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி இருந்தால் செய்துவிடலாம். பஃபர் வாத்தியத்தின் பக்கத்திலேயே இருக்க வேண்டும், பீசோவிலிருந்து அதற்குப் போகும் ஷீல்டு ஒயர் ஒரு முழத்துக்குள் அடங்கட்டும்.

தகட்டின் இடமும் சரியில்லை. வயலின் குதிரையின் மொத்த அகலமே 4 செ.மீ-தான், அதன்மேல் 27 மி.மீ பித்தளைத் தகடு ஏறினால் மியூட் மாட்டியதுபோல ஒலி மங்கும். 10 முதல் 15 மி.மீ தகடு போதும். குதிரையின் ஓரத்திலோ, தடித்த தந்திப் பக்கத்துக் கால் ஊன்றும் இடத்துக்கு அருகில் மேல்பலகையிலோ, கறை படியாத மென்மையான ஒட்டுக்களியால் பதியுங்கள். வார்னிஷ்மேல் பசை வேண்டவே வேண்டாம். இன்னொரு தகட்டைக் குதிரைக்கும் தந்திகளைக் கட்டியிருக்கும் வால்பகுதிக்கும் இடையிலுள்ள தந்தித் துண்டுகளுக்கென்று தனியாக வைக்கலாம். அந்தக் கீச்சொலியை 19 செ.மீ டேப் சில சுற்றுகளில் வழித்தெடுத்து மென்மையாக்கிவிடும், கேட்க மிக நன்றாக இருக்கும்.

சுண்டும்போது பிளிறுவது மீட்டரின் தாமதத்தால். வி.யு. மீட்டரின் முள் முழு அளவை எட்ட 300 மில்லி நொடி ஆகும். விரலால் சுண்டிய ஒலியின் உச்சம் அதற்குள் வந்து முடிந்துவிடுகிறது. முள் −5 காட்டும்போது உண்மையான உச்சம் அதைவிட 10 டெசிபலுக்கும் மேலே இருக்கலாம். வில்லால் இழுக்கும் ஒலிக்கு முள் −3 வரை வரட்டும், சுண்டுவதற்கு −12. மாற்றி மாற்றி வாசிப்பீர்கள் என்றால் −12-ஐ அளவாகக் கொண்டு விடுங்கள். சுற்றுகளின் சேர்க்கையையும் கணக்கில் எடுக்க வேண்டும்: சுற்றுக்கு 1 டெசிபல் மட்டும் குறையும் நிலையில் இடைவிடாமல் வாசித்தால், பழைய ஒலிகள் சேர்ந்து டேப்பில் மொத்த அளவு 7 டெசிபல் வரை கூடும். 3 டெசிபல் குறைந்தால் கூடுவது 3 மட்டும்.

மிக்சரிலிருந்து +4 என்ற ஸ்டுடியோ அளவில் அனுப்பி, வீட்டு உபயோக மெஷினின் −10 இன்புட்டில் செருகியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் 12 டெசிபல் வித்தியாசம். பதிவு லெவல் குமிழுக்கு முன்பே இன்புட் சர்க்யூட் நிரம்பி வழிந்துவிட்டால், குமிழை எவ்வளவு குறைத்தாலும் பிளிறல் போகாது.

செல்லோ மைக்தான் கண்ணுக்குத் தெரியாத இரண்டாவது சுற்றுப்பாதை. ஸ்பீக்கரில் வரும் எதிரொலியை அது பிடித்து மறுபடி டேப்புக்கு அனுப்புகிறது. ஃபேடரில் நீங்கள் குறித்த 1 டெசிபல் கோடு இதனால் பொய்யாகிவிடும். டேப்புக்குப் போவது முழுக்க வாத்தியத்தில் ஒட்டிய காண்டாக்ட் மைக்கிலிருந்து மட்டும் வரட்டும், மைக் ஒலி அரங்கத்துக்கு மட்டும். மைக்கையேதான் டேப்புக்கும் அனுப்ப வேண்டும் என்றால் கார்டியாய்டின் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்க வேண்டும். எட்டு வடிவ மைக் இருந்தால் ஸ்பீக்கரை அதன் பக்கவாட்டில், சரியாக 90 பாகையில் வையுங்கள். அந்தத் திசையில் அது கிட்டத்தட்டச் செவிடு.

சாய்வெட்டு

லூப்புக்கு வருகிறேன். 19 செ.மீ வேகத்தில் 10 நொடி என்றால் ஏறக்குறைய 190 செ.மீ டேப். ஹெட்டுகளைச் சுற்றிப் போகும் தூரம் போக மிச்சத்தை மைக் ஸ்டாண்டில் சுழலும் உருளை ஒன்றின்மேல் கொண்டுபோய்த் திருப்புங்கள். உருளை டேப்பின் முதுகைத் தொட வேண்டும், பதிவாகும் பக்கத்தை அல்ல. விறைப்புக்குத் தொங்கும் உருளை ஒன்றில் 60 முதல் 100 கிராம் எடை. அந்த எடை இரு பக்கமும் பாதி பாதியாகப் பிரியும். 50 மைக்ரான் தடிமனுள்ள டேப்பை எடுங்கள். நீண்ட நேரம் ஓடும் 35 மைக்ரான் டேப் லூப்பில் சீக்கிரம் நீண்டு, ஓரம் சுருளும்.

'டக்' சத்தத்துக்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். பிளேடு காந்தமாகியிருந்தால் வெட்டிய ஓரத்திலேயே ஒரு துடிப்பு பதிந்துவிடும், டிமேக்னடைசரில் காட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள். இரு முனைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டாலும் கேட்கும். மூன்றாவது, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: வெட்டுக்கு இரு பக்கமும் உள்ள ஒலி பொருந்துவதில்லை. 45 பாகையில் வெட்டினால் 6.3 மி.மீ அகல டேப்பில் வெட்டின் நீளமும் 6.3 மி.மீ. முழு டிராக் ஹெட்டில் அது 33 மில்லி நொடி நேரத்துக்கு ஒரு ஒலி மறைந்து இன்னொன்று தோன்றும் இயற்கையான கலவை. உங்களுடையது அரை டிராக். ஒரு ஹெட் பார்ப்பது 2 மி.மீ-க்குச் சற்று மேல்தான், ஆகவே கலவைக்குக் கிடைப்பது 11 மில்லி நொடி அளவே. வில்லின் நீண்ட ஒலிக்கு அது போதாது. இன்னும் சாய்த்து 30 பாகையில் வெட்டினால் ஏறக்குறைய 20 மில்லி நொடி கிடைக்கும். சுண்டிய ஒலி என்றால் எதிர்மாறாக, தாக்குக்குச் சற்று முன்னால் நிமிர்ந்த வெட்டு. ரீல்களைக் கையால் மெதுவாக உருட்டி, ஒலி தொடங்கும் இடத்தைப் பிளேபேக் ஹெட்டில் கண்டுபிடித்து, டேப்பின் முதுகில் மெழுகுப் பென்சிலால் குறியிடுங்கள்.

ஒட்டுவது எப்போதும் முதுகுப் பக்கம், அதற்கென்றே உள்ள 5.5 மி.மீ ஸ்ப்ளைசிங் டேப்பால் மட்டும். சாதாரண செலோ டேப்பின் பசை கசிந்து ஹெட்டில் படியும், அடுத்த சுற்று பசையில் ஒட்டி வேகம் தடுமாறும். ஒட்டியபின் நகத்தால் அழுத்தித் தேய்த்துக் காற்றுக் குமிழை வெளியேற்றுங்கள்.

அழிக்காமல் மேலே மேலே பதிய, பழைய பதிவை அழிக்கும் எரேஸ் ஹெட்டின் இணைப்பைக் கழற்றிவிட்டால் போதும். பழைய அடுக்கு அப்படியே இருக்கும், புதியது மேலே ஏறும்.

கேசட் லூப்பும் கைவசம் இருக்கட்டும். ஐந்து திருகு போட்ட கேசட்டின் மேல்கூட்டைத் திறந்து, ஒரு சக்கரத்தையும் இரு மூலை உருளைகளையும் சுற்றி 24 செ.மீ டேப் வைத்தால் 4.76 வேகத்தில் 5 நொடி. சுருட்டும் பக்கத்துச் சக்கரம் சுற்ற வேண்டும், நின்றால் ஆட்டோ ஸ்டாப் மெஷினை நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டு அதன் இடத்திலேயே இருக்கட்டும். 9.5 வேகத்தில் ஓடும் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் போட்டால் அதே லூப் இரண்டரை நொடி, ஒரு ஸ்தாயி மேலே. டேப்புக்கு சி-60 எடுங்கள், சி-120 வெறும் 9 மைக்ரான், லூப்பில் தாங்காது.

ஆக்சைடு

சாய்வெட்டு சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். எரேஸ் ஹெட்டின் ஒயரைக் கழற்றாதீர்கள். பல மெஷின்களில் அந்த ஹெட்டின் சுருள் பயஸ் (தெளிவாகப் பதிய ஒலியோடு கலக்கும் உயர் அதிர்வெண் மின்னோட்டம்) ஆசிலேட்டரின் சுற்றிலேயே ஒரு பாகம். அதைக் கழற்றினால் ஆசிலேட்டர் அதிர்வெண் மாறும், அல்லது நின்றே போகும். பயஸ் இல்லாமல் பதிந்தால் ஒலி கரகரத்து, மெல்லிய ஒலிகள் பதியவே பதியாது. எரேஸ் ஹெட்டுக்கும் டேப்புக்கும் நடுவே மழமழப்பான தடித்த அட்டை ஒன்றை வளைத்துச் செருகி, டேப்பைத் தள்ளி நிறுத்துவதுதான் பத்திரமான வழி. ஒரு மி.மீ இடைவெளியே அழிப்பை ஏறக்குறைய நிறுத்திவிடும்.

பழைய அடுக்கு அப்படியே இருக்கும் என்பதும் சரியல்ல. பதிவு ஹெட்டில் வரும் பயஸே பழைய பதிவை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் அழிக்கும், உச்ச ஒலிகளை முதலில். நாலைந்து அடுக்குக்குப் பிறகு முதல் அடுக்கில் கீச்சும் வில்லின் உரசலும் போய், தாழ்ந்த ஒலியின் நிழல் மட்டும் மிஞ்சும். தந்தி வாத்தியத்துக்கு இது அழகான மறைவு. ஆனால் தெரிந்து திட்டமிட வேண்டும்: கடைசிவரை தெளிவாக நிற்க வேண்டியதைக் கடைசியில் வாசியுங்கள்.

வில்நுனி

மிக்க நன்றி. ரப்பர் உருளையைக் கழற்றியதும் தொய்வும் சுருதி இறக்கமும் நின்றன. மேடு 70 ஹெர்ட்ஸில் இருந்தது, ஃபில்டர் போட்டதும் உறுமல் எழவில்லை. இப்போது இரண்டாவது மெஷின் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானே நின்றுவிடுகிறது. இன்னொரு கேள்வி: கருவி சரியானாலும் பத்து நிமிடத்தில் இசை நெரிசலாகிவிடுகிறது. இந்த 6.8 நொடிக்குள் எப்படி வாசிப்பது?

மறுசுழல்

தானே நிற்பதற்கு இழுவிசைக் கைதான் காரணமாக இருக்கும். டேப் முடிந்ததும் நிறுத்த, சுருள் விடும் பக்கத்தில் ஒரு கை இருக்கும். உங்கள் டேப் அந்தப் பக்கத்து ரீலிலிருந்து வராததால் கை கீழே விழுந்து சுவிட்சைத் தட்டுகிறது. ரப்பர் பேண்டால் அதை மேல்நிலையில் கட்டிவைத்துவிடுங்கள். சில மெஷின்களில் கைக்குப் பதிலாக ஒளிக்கதிர் இருக்கும், அதன் குறுக்கே ஒரு துண்டு டேப்பை ஒட்டினால் போதும்.

இனி வாசிப்பு. 1960-களில் அமெரிக்க இசையமைப்பாளர்கள் டெர்ரி ரைலியும் பாலின் ஓலிவரோஸும் கையாண்ட அதே மெஷின் முறைதான் இது. 1970-களில் ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டார் போனதும் இரண்டு ரீவாக்ஸ் ஏ77 ரீல் மெஷின்கள் வழியாகத்தான். முறை பழையது, ஆகவே நெரிசலுக்கான மருந்தும் தெரிந்ததே: டேப்பிலிருந்து வெளியே வருவதைக் குறைக்காதீர்கள், உள்ளே போவதைக் குறையுங்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு வால்யூம் பெடல், அது டேப்புக்குப் போகும் வழியில் மட்டும். பெடல் மேலே இருந்தால் உங்கள் வாசிப்பு அரங்கத்தில் கேட்கும், டேப்புக்குப் போகாது. வாசிப்பின் பெரும்பகுதி டேப்புக்குத் தெரியாமலே நடக்க வேண்டும். நான்கில் ஒரு பங்கு உள்ளே போனால் தாராளம். பெடல் பஃபருக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும், முன்னால் வைத்தால் குதிரைக்கால் சொன்ன அதே தகர ஒலி திரும்பிவிடும்.

சுற்றுக்கு 1 டெசிபல் நிலையில் நீங்கள் விடும் ஒவ்வொரு சுரமும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கும். அந்த நேரம் முழுக்க அது எல்லோருக்கும் சுருதியாகிவிடுகிறது. ஒரே ஆதாரத்தைச் சுற்றி நீட்டி வாசிப்பதற்கு அந்தக் கோடு. சுரங்களைத் தாராளமாக மாற்றி வாசிக்க 3 டெசிபல் கோடு. தாளக்கட்டான தட்டல், வில்லின் மரத்தால் தந்தியில் அடிப்பது, குதிரைக்கு ஒட்டி உரசுவது போன்றவற்றுக்கு 6. இந்த மூன்றுக்கும் இடையே மாறும்போது முதலில் உள்ளே போவதை நிறுத்தி, ஒரு சுற்றுக் காத்திருந்து, பிறகு ஃபேடரைத் தொடுங்கள்.

சொற்றொடரின் நீளத்தையும் பாருங்கள். 3 நொடி வாசித்து 4 நொடி விட்டால் எதிரொலி அந்த இடைவெளியைத் தாண்டி அடுத்த சொற்றொடரின் மேல் சரியாக வந்து உட்காரும், ஒவ்வொரு முறையும். சற்று நேரத்தில் அது கட்டம் போட்டதுபோல ஆகிவிடும். 5 நொடி, 8 நொடி, 2 நொடி என்று ஒழுங்கில்லாமல் விட்டால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் பரவும். செல்லோ தாழ்ந்த தந்தியை நீட்டும்போது வயலின் அதே ஸ்தாயியில் டேப்புக்கு எதையும் அனுப்ப வேண்டாம். மூன்று தந்திகளை ஒரே வில்லில் நீட்டி ஆதாரம் வைக்க விரும்பினால், வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் ஜான் கேல் வயோலாவில் (வயலினைவிடச் சற்றுப் பெரியது) செய்ததுபோலக் குதிரையின் வளைவைச் சீவித் தட்டையாக்க வேண்டும். அதற்கென்று தனிக் குதிரை ஒன்றைச் செதுக்குங்கள், இருப்பதைச் சீவினால் ஒற்றைத் தந்தியில் வாசிக்க முடியாமல் போகும்.

ரப்பர் உருளையைக் கழற்றியதால் உங்களுக்கு ஒரு புதிய வாத்தியம் கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. இரு மெஷின்களுக்கு நடுவே தொங்கும் அந்த 130 செ.மீ டேப்பும் ஒரு தந்திதான். அதை நடுவில் அழுத்தினால் பாதை நீளும். நீளும் அளவுக்கு டேப் இரண்டாவது மெஷினுக்குத் தாமதமாகப் போகும், சுருதி இறங்கும். 8 செ.மீ ஆழத்துக்கு அழுத்தினால் பாதை ஏறக்குறைய 1 செ.மீ நீளும். அதை ஒரு நொடியில் செய்தால் இறக்கம் கிட்டத்தட்ட ஒரு அரைச்சுரம், கையை எடுக்கும் வேகத்துக்கு அதே அளவு ஏறும். ஆழம் கூடக் கூடப் பாதை வேகமாக நீளும்: 18 செ.மீ-க்குக் கிட்டத்தட்ட 5 செ.மீ. ஏற்கெனவே பதிந்து போய்க்கொண்டிருக்கும் ஒலிக்குக் கையால் கமகம் கொடுக்கலாம், அந்தக் கமகமும் திரும்பப் பதிவாகி அடுத்த சுற்றில் வரும். விரலை நேராக வைக்காதீர்கள், வியர்வையும் எண்ணெயும் டேப்பில் ஏறும். பருத்தித் துணி சுற்றிய உருண்டைக் கம்பி, டேப்பின் முதுகில். சுருட்டும் ரீல் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டால் அதன் கனத்தால் அசைவுக்கு உடனே இணங்காது, ஆகவே இதை நிகழ்ச்சியின் முதல் பாதியில் செய்யுங்கள்.

குதிரைக்கால்

மறுசுழல் சொன்ன அந்த நடு டேப் யோசனை அமெரிக்கக் கலைஞர் லோரி ஆண்டர்சன் 1977-ல் செய்த வயலினுக்கு நெருங்கிய உறவு. வில்லில் மயிருக்குப் பதில் பதிவுசெய்த டேப், குதிரையில் பிளேபேக் ஹெட். வில்லை இழுக்கும் வேகமே சுருதி, திருப்பி இழுத்தால் ஒலியும் பின்னோக்கிப் போகும். வில்லில் 60 செ.மீ டேப் நிற்கும் என்றால் 19 வேகத்தில் பதிந்தது 3 நொடி மட்டும், ஆகவே ஒரு நீண்ட இழுப்பையோ இரண்டு சுண்டலையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய கேசட் டெக்கின் ஹெட் போதும். அதிலிருந்து வருவது மில்லி வோல்ட்டுக்கும் குறைவு, டெக்கின் பிளேபேக் ப்ரீ-ஆம்ப்பையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்டைச் சுற்றி இரும்புக் கவசம் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் முனகல் எல்லாவற்றையும் மூடிவிடும்.

சாய்வெட்டு

எரேஸ் ஹெட் திருத்தத்துக்கு நன்றி, ஆக்சைடு சொன்னதே சரி. அட்டை வழியையே பின்பற்றுங்கள்.

பராமரிப்பு ஒன்று விட்டுப்போயிற்று. லூப் ஓடும்போது ஒரே டேப்பின் ஒரே துகள்கள் ஹெட்டில் உதிரும், ஆகவே அரை மணிக்கு ஒருமுறை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஹெட்டையும் கேப்ஸ்டனையும் துடையுங்கள். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் வேண்டாம், நாளடைவில் ரப்பர் காய்ந்து மினுக்கும், டேப் வழுக்கும். மிதமான சோப்பு நீர் போதும். பழைய டேப் வாங்கியிருந்தால், ஓடும்போது கீச்சிட்டு ஹெட்டில் பழுப்புப் பிசின் படிகிறதா என்று முதலில் பாருங்கள். பாலியூரித்தேன் பசை ஈரத்தை இழுத்துச் சிதைந்திருக்கிறது என்று அர்த்தம். 50 முதல் 55 டிகிரி செல்சியஸில் எட்டு மணி நேரம் காயவைத்தால் சில வாரங்களுக்கு ஓடும். ஆனால் அசிட்டேட் டேப்பை ஒருபோதும் சூடாக்காதீர்கள். ரீலை விளக்குக்கு எதிரே பிடித்தால் அசிட்டேட் ஒளியை ஊடுருவ விடும்.

7 அங்குல ரீலில் 550 மீட்டர் டேப் என்றால் 19-ல் 48 நிமிடம். இரண்டாவது மெஷினில் சுருண்ட அந்த ரீலைத் தூக்கி எறியாதீர்கள். அன்றைய வாசிப்பும் அதன் எதிரொலிகளும் ஒன்றாகப் பதிந்த பதிவு அது, கடைசிப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருண்டிருக்கும். திருப்பிச் சுற்றாமல் அப்படியே இடப்பக்கம் மாட்டினால் பின்னோக்கி ஓடும். அரை டிராக் ஸ்டீரியோவில் டிராக்குகள் மட்டும் இடம் மாறி வரும். 9.5-ல் ஓட்டினால் ஒரு ஸ்தாயி கீழே, வயலினின் ஜி தந்தி 98 ஹெர்ட்ஸில். அடுத்த அமர்வில் செல்லோ அதன்மேல் வாசிக்கத் தொடங்கலாம்.